மேனேஜருக்குப் பத்தியம்

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் சம்பத். மறைமலை நகரில் ஒரு உதிரிபாக ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. பகல் முழுவதும் ஒரு மேனேஜரிடம் திட்டு வாங்குவான். சாயங்காலம் சேலையூர் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், "டேய் மேனேஜர், இங்க வாடா! உட்காரு! சோம்பேறி, இன்னிக்கி என்னடா வேலை செஞ்சே?" என்று அதட்டுவான். அதில் அவனுக்கு ஒரு டம்ளர் காபி குடித்த தெம்பு வந்துவிடும். நாயும் வாலை ஆட்டும். ஃபேக்டரி மேனேஜர் அதைக்கூடச் செய்ததில்லை.

மேனேஜரின் தாய் சுத்தமான பொமரேனியன். தகப்பன் யாரென்று திட்டமாகத் தெரியாது. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் கறுப்பாக ஒரு ஆசாமி சுற்றிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. ஆக மொத்தம், பொமரேனியன் முடியும் அடுப்புக்கரி நிறமுமாக, ஒயர் கூடைக்குள் அடங்குகிற ஒரு உருவம்.

சம்பத்தின் மனைவி தையல்நாயகிக்கு வெளியாட்களிடம் வாய் வராது. பஸ்ஸில் கண்டக்டரிடம் ஸ்டாப் பெயர் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருகிறவள் அவள். அந்த வாய் முழுவதும் மேனேஜரிடம்தான் திறக்கும். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே தெருவின் சங்கதிகள் எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவாள், வீட்டுச் சொந்தக்காரர் ஜெயவேலுவின் காதில் வளர்ந்திருக்கும் முடி உட்பட. அது தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கும். சம்பத் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஃபேக்டரியில் போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. "எங்களுக்குத்தான் இல்ல, மேனேஜருக்காவது கிடைக்கட்டும்" என்று சம்பத் ஆட்டுக்கறியில் ஒதுக்கிய கொழுப்பு அத்தனையையும் நாயின் தட்டில் கொட்டினான். மேலே நெய் வழியும் மைசூர்பாகு. மேனேஜர் தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டே போய் நக்கியது. அடுத்த நாள் மஞ்சளாக வாந்தி எடுத்தது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

விடிந்ததும் அது மெல்ல முற்றத்துக்குப் போயிற்று. வீட்டின் முன்பகுதியில் ஜெயவேலு குடும்பம், பின்பகுதியில் இவர்கள், நடுவில் இருவருக்கும் பொதுவாகக் கிணறும் முற்றமும். ஜெயவேலு அப்போதுதான் குளித்துவிட்டுக் கிழக்கு பார்த்து நின்றிருந்தார். ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலமெல்லாம் பிளாட்டாகி விற்றுப்போய்விட்டது. மிச்சமிருப்பது பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு துண்டு. அதற்காக அண்ணனோடு கோர்ட்டில் வழக்கு. பைரவரைப் பிடித்துக்கொண்டால் ஜெயம் நிச்சயம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். பைரவருக்கு வாகனம் நாய் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மேனேஜர் நேராக அவர் எதிரில் போய் நின்றது. முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கி, அப்படியே அசையாமல் கிடந்தது.

ஜெயவேலுவுக்குப் புல்லரித்துவிட்டது. இடுப்பில் ஈரத்துண்டு கட்டியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"ஞானம்! ஞானாம்பா! ஓடியாடி!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "கறுப்பு நாயி. எனக்கு நமஸ்காரம் பண்ணுது பாரு!"

அன்றைக்குக் கோர்ட்டில் அண்ணன் பக்கத்து வக்கீல் வயிற்றுப்போக்கு என்று வரவில்லை. அதோடு மேனேஜரின் மகிமை நிரூபணமாகிவிட்டது.

இந்த மகிமை எதுவும் தெரியாமல் தையல்நாயகியும் சம்பத்தும் மேனேஜரை ஒயர் கூடையில் உட்கார வைத்து, டி.வி.எஸ். ஐம்பதில் பக்தவச்சலம் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டையரானவர். ஆயுள் முழுக்க மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கைவிட்டுப் பழகிய மனிதர், இந்த நாயை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பேஷன்ட் பேரு?"

"மேனேஜர் சார்."

"உம்ம உத்தியோகத்தக் கேக்கலய்யா. நாய் பேரு."

"அதான் சார். மேனேஜர்."

டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். விலாவுக்குக் கீழே அமுக்கியதும் மேனேஜர் முனகிக்கொண்டு மறுபடி முன்னங்காலை நீட்டிக் குனிந்தது.

"பாத்தியாம்மா? இப்படிக் குனிஞ்சா வயித்து வலி. கணையம் வீங்கியிருக்கு. கொழுப்பச் செரிக்க வைக்கற உறுப்பு அது. நீங்க கொட்டின கொழுப்புல அதுவே வெந்துபோச்சு. பக்கத்துலயே கல்லீரல். இது வீங்கினா அங்க வர்ற பித்தக் குழாய நசுக்கும். அப்புறம் அதுவும் கெடும்."

"கணையம்னு ஒண்ணு நமக்கும் இருக்கா டாக்டர்?" என்றான் சம்பத்.

"உமக்கும் இருக்கு, உம்ம மேனேஜருக்கும் இருக்கு. ரெண்டு மேனேஜருக்கும் இருக்கு. ஊசியப் போடறேன், காலப் பிடியும்."

வீட்டில் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள். வாந்தி நிற்கிற வரை வாயில் எதுவும் கூடாது. நின்ற பிறகு குழைந்த சோறு, வேகவைத்த பூசணிக்காய், தோலுரித்து வேகவைத்த கோழியில் மேலே மிதக்கிற கொழுப்பை வழித்துவிட்டு ஒரு பிடி. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. எண்ணெய், நெய், பால் ஒரு சொட்டு ஆகாது.

மேனேஜர் பூசணிக்காயைப் பார்த்த பார்வையில் ஒரு நிஜ மேனேஜர் இருந்தார். என்றாலும் நாலு நாளில் தேறியது. வாலில் உயிர் வந்தது. தையல்நாயகி அதற்கு எதிரில் உட்கார்ந்து, "சாப்பிடுடா, எனக்கு மட்டும் பூசணிக்கா பிடிக்குமா?" என்று தானும் ஒரு துண்டு வாயில் போட்டுக் காட்டுவாள்.

அப்புறம் மறுபடி வாந்தி. மறுபடி ஊசி. டாக்டர், "என்னம்மா போட்டே?" என்று கேட்டதற்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாயின் மீசையில் நெய் மணப்பதை இரண்டு நாளாகவே அவள் கவனித்திருந்தாள். தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள். இப்போது வாந்தியைக் கிளறிப் பார்த்தால் உடைத்த மிளகு, சீரகம், உளுந்து. மிளகு வடை.

கீரைக்காரி காமு விஷயத்தை உடைத்தாள். "உனக்குத் தெர்யாதா? நீ ரேசன் கடைக்குப் போனா போதும், வூட்டுக்கார நைனா கிண்ணத்த எடுத்துகினு வந்துர்றாரு. வட இன்னா, நெய்ப் பொங்கல் இன்னா! உன் நாயி குனிஞ்சு குனிஞ்சு கும்புடுதாமே? தெருவே வந்து பாத்துட்டுப் போவுது. எதிர்வூட்டம்மா பொண்ணு ஜாதகத்த அதும் கால்ல வெச்சு எடுத்துகினு போச்சு."

வடை போட்டால் வலிக்கிறது. வலித்தால் குனிகிறது. குனிந்தால் வடை போடுகிறார்கள். தையல்நாயகிக்குத் தலை சுற்றியது.

"நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள் சம்பத்திடம்.

"நானா? வீட்டுக்காரர்கிட்டயா? நீங்க சாமின்னு கும்பிடறது வெறும் வயித்து வலின்னா? இந்த வாடகைக்குக் கிணத்தோட வீடு வேற எங்க கிடைக்கும்? நீயே பதமா ஏதாவது சொல்லு."

பதமாக என்ன சொல்வதென்று அவள் யோசித்தாள். மேனேஜரிடம் ஒத்திகை பார்த்தாள். பிறகு முற்றத்தைத் தாண்டிப் போய், ஜெயவேலுவின் முகத்தைப் பார்க்காமல் கிணற்றுக் கயிற்றைப் பார்த்து, "அண்ணா, மேனேஜர் விரதம் இருக்கு, எதுவும் போடாதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொய் நன்றாக வேலை செய்தது, ரொம்பவே நன்றாக. நாய் விரதம் இருக்கிறது என்ற செய்தி கேம்ப் ரோடு வரை போய்விட்டது. மறுநாள் ஞானாம்பாள் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். ரவா உப்புமா, அதில் நெய்யில் வறுத்த முந்திரி. கூடவே சேமியா கேசரி.

"அக்கா... விரதம்..."

"தெரியுமே! விரதம்னா சோறுதானே ஆகாது? பலகாரம் சாப்பிடலாமே. நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அப்படித்தானே இருக்கேன்?" என்றாள் ஞானாம்பாள். உண்மைதான். மற்ற நாளில் சாப்பிடுவதைவிட வெள்ளிக்கிழமை விரதத்தில் அவள் அதிகம் சாப்பிடுவாள். தையல்நாயகி தூக்குச்சட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள். கேசரியைச் சம்பத் தின்றான். ஆனால் அவள் கண்ணில் படாமல் முற்றத்தில் வேறு எத்தனை தூக்குச்சட்டி வந்துபோயிற்றோ.

பைரவருக்கு உகந்த தேய்பிறை அஷ்டமியன்று காலையில் மேனேஜர் எழுந்திருக்கவில்லை. தையல்நாயகி அதன் காதைப் புரட்டினாள். உட்புறம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சள். ஈறு மஞ்சள்.

பக்தவச்சலம் டாக்டர் இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கல்லீரலுக்கும் வந்துடுச்சும்மா. மருந்து தர்றேன். பிழைக்கலாம். ஆனா இன்னும் ஒரு வடை உள்ள போச்சுன்னா என்கிட்டத் தூக்கிட்டு வராதே. வீட்டுப் பின்னாடி இடம் பாரு."

திரும்பும்போது அவள் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். டி.வி.எஸ். ஐம்பது குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு சின்ன முனகல்.

வாசலில் கோலம் போட்டிருந்தது. முற்றத்தில் ஜமக்காளம் விரித்து, கற்பூரத் தட்டு, செவ்வரளி, நாயின் கழுத்து அளவுக்கு அளவெடுத்துக் கோத்த வடைமாலை எல்லாம் தயாராக இருந்தன. தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். அடுத்த தெரு யேசுதாசன்கூட நின்றிருந்தார். "நான் கும்பிட வரல. வடைக்கு வந்தேன்" என்று கேட்காதவர்களிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா! நேரமாவுது. நாளன்னிக்கி கேஸு" என்றார் ஜெயவேலு.

கூட்டத்துக்கு நடுவில் கூடையை இறக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் தடுமாறி வெளியே வந்தது. இரண்டடி நடந்தது. வலி பிடுங்கியிருக்க வேண்டும். முன்னங்காலை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கியது.

"ஆஹா!" என்றது கூட்டம். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜெயவேலுவின் கண்ணில் நீர். மாலையிலிருந்து ஒரு வடையைப் பிய்த்து அதன் வாய்க்கு நேரே நீட்டினார். மேனேஜர் மூக்கைச் சுளித்தது. ஆனாலும் நாய் நாய்தானே, வாயைத் திறந்தது.

"கையை எடுங்க!"

அது யார் குரல் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்நாயகியும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"எடுங்கன்னு சொல்றேன்ல அண்ணா! அது கும்பிடல. வயித்து வலி தாங்காமக் குனியுது. நீங்க போடற வடையாலதான் வலியே. கணையம் வீங்கிப் போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

"இன்னா அது கணையம்?" ஜெயவேலுவின் முகம் கறுத்தது. "சாமிக்கு ஏது கணையம்? மாட்டு டாக்டரு சொல்றானாம், இவ கேக்கறாளாம். இதோ பாரும்மா, என் வூட்டு முத்தத்துல நின்னுகினு சாமி குத்தம் பேசாத. பிரசாதம் போட வுடலேன்னா வூட்டக் காலி பண்ணிடு. அவ்வளோதான்."

சம்பத் அவள் முழங்கையைத் தொட்டான். "தையலு... ஒரே ஒரு வடைதானே..."

அவள் அவனைப் பார்த்தாள். பின்னாளில் சம்பத், ஃபேக்டரி மேனேஜர் எவ்வளவோ திட்டியிருக்கிறார், அந்தப் பார்வை மாதிரி ஒன்று பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள். "வடை சாப்பிட்டுகிட்டு இருங்க. நானும் மேனேஜரும் கிளம்பறோம்."

எங்கே கிளம்புவது என்று அவளுக்குத் தெரியாது. கூடையைக்கூட எடுக்காமல் நாயை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்கிய வேகத்தில் அதன் உதடு அவள் புடவையில் மாட்டி மேலே சுருண்டது. பக்கத்தில் கீரைக்கூடையோடு நின்ற காமு குனிந்து பார்த்தாள்.

"யம்மா! இன்னா இது? ஈறு மஞ்சளா கீது? கண்ணக் காட்டு... ஐயய்யோ, இது காமாலடி! மஞ்சக்காமால!"

கணையம் என்றபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மஞ்சள் காமாலை என்றதும் கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் டாக்டர் ஆனார்கள். காமாலை வராத வீடு அந்தத் தெருவில் கிடையாது.

"காமாலைக்கு எண்ணெய் ஆகாதே!" என்றார் யேசுதாசன். "எனக்கு வந்தப்ப மூணு மாசம் உப்பே கண்ணுல காட்டல என் சம்சாரம்."

"தாளிச்ச வாசனையே படக் கூடாதும்பாங்க!"

"இன்னா நைனா," என்றாள் காமு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "காமால கண்ட வாயில வடய வெச்சுத் திணிக்கறியே, நல்லா கீதா? உன் மாமனாரு எப்டிப் போனாரு, மறந்துட்டியா?"

ஜெயவேலு மறந்திருக்கலாம். ஞானாம்பாள் மறக்கவில்லை. அவளுடைய அப்பா காமாலையில் பத்தியம் இருந்தவர். தேறிவிட்டோம் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் ஹோட்டலில் நெய் ரோஸ்ட் தின்றுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. ஞானாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் கையிலிருந்த வடையைப் பிடுங்கினாள். வடைமாலையையும் பிடுங்கினாள்.

"வாயில்லாத ஜீவனக் கொல்லப் பாத்தியே, பாவி மனுஷா!"

"நான் எங்கடி... பைரவருக்குத்தான..."

"பைரவருக்குக் காமாலைன்னா பைரவருக்கும் பத்தியம்தான்! எவளாவது இனிமே எண்ணெய்க் கையோட இந்த முத்தத்துல கால் வெச்சீங்க, தெரியும் சேதி!" பிறகு தையல்நாயகியிடம் திரும்பினாள். "நீ எங்கடி போறே? உள்ள போ. காத்து படப்போவுது அதுக்கு."

வடைமாலை வீணாகவில்லை. யேசுதாசன் பொறுப்பேற்றுக்கொண்டார்.

அன்று முதல் மேனேஜரைத் தெருவே காவல் காத்தது. ரேஷன் கடைக்குப் போகும்போது தையல்நாயகி கதவைப் பூட்டவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எதிர்வீட்டுக் குழந்தை கையில் முறுக்கோடு முற்றத்தில் எட்டிப் பார்த்ததற்கு நாலு பேர் கத்தினார்கள். பூசணிக்காய் தினம் ஒரு வீட்டிலிருந்து வந்தது. மாத்திரையே போதும், நாட்டு மருந்து எதையும் கலக்காதே என்று பக்தவச்சலம் சொல்லிவிட்டிருந்தார். ஆனால் காமுவிடம் அதைச் சொல்ல முடியுமா? காமு தினமும் ஒரு கட்டு கீழாநெல்லியோடு வந்து, அரைத்து மோரில் கலக்கச் சொல்லி, கிண்ணம் காலியாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். கிண்ணத்தைத் தையல்நாயகி உள்ளே எடுத்துப் போவாள். சம்பத் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். ஒரு நாள், "இதை எவ்வளவு நாள்..." என்று ஆரம்பித்தான். "ஒரே ஒரு கிண்ணம்தானே?" என்றாள் அவள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

ஜெயவேலுவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, பைரவர் தேறுகிற வரை தானும் பத்தியம் என்று அறிவித்தார். யோசிக்காமல் அறிவித்துவிட்டார். ஞானாம்பாள் அன்றைக்கே உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். மனுஷர் வேகவைத்த பூசணிக்காயைத் தட்டில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்காருவார். எதிரில் மேனேஜரும் அதே பூசணிக்காயோடு உட்கார்ந்திருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

"அதுக்காவது நடுவுல கோழி உண்டு" என்பார் ஜெயவேலு, யாரிடம் என்றில்லாமல்.

காமாலை என்றால் தெருவில் முதல் கேள்வி ஒன்றுதான். "ஒண்ணுக்கு எப்படிப் போவுது?" தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள், மாவு மெஷினில் கேட்பார்கள். தையல்நாயகி வெட்கத்தை விட்டுப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். முதலில் டீத்தண்ணி மாதிரி. அப்புறம் கடுகெண்ணெய் மாதிரி. மேனேஜர் மண்ணிலும் செடியிலுமே போகிறபடியால் அதற்குமேல் நிறம் பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. டாக்டரோ, "வாந்தி இல்ல, வலி இல்ல, சரி. ஆனா மஞ்சள் முழுசா இறங்கிச்சான்னு தெரியணுமே" என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஈறு ஒரு வேளை வெளுத்த மாதிரி இருக்கும், மறு வேளை மஞ்சளோ என்று தோன்றும். அவள் தூக்கத்திலும் அந்த ஈற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

கேஸ் அஷ்டமிக்குப் பின்னால் வாய்தா வாங்கி, மறுபடி வந்தது. அன்று காலை ஜெயவேலு சலவைக்குப் போட்டெடுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு முற்றத்துக்கு வந்தார். பத்தியத்தில் இளைத்துப் போயிருந்தார். மேனேஜரும் இளைத்துத்தான் இருந்தது, ஆனால் நாலு காலிலும் நிமிர்ந்து நின்றது. அது குனிந்து வெகு நாளாயிற்று.

"தையலு, தப்பா நெனைக்காத" என்றார், கொஞ்சம் கெஞ்சலாக. "வட கிட ஒண்ணும் கொண்டாரல. கையப் பாரு, வெறுங்கை. ஒரே ஒரு தபா கும்புட்டா, நான் பாட்டுக்குப் போயிடுவேன். வலி இல்லாமத்தான்."

"அது இனிமே குனியாது அண்ணா."

"ஏன் குனியாது? தேறிடுச்சுன்னா பக்தி போயிடுமா?"

ஞானாம்பாள் வாசற்படியில் வந்து நின்றாள். காமு கூடையை இறக்கி வைத்தாள். மேனேஜர் ஜெயவேலுவை நெருங்கியது. அவர் கைகூப்பினார். அது அவர் பாதத்தை முகர்ந்தது. வேட்டியின் கரையை முகர்ந்தது. ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு நிதானமாக, பின்னங்கால் ஒன்றைத் தூக்கி, அவர் வேட்டி மேல் நெடுநேரம் போயிற்று.

"அபிசேகம் ஆயிடுச்சு நைனா!" என்றாள் காமு.

ஜெயவேலு காலை உதறப் போனார். "சீ! கோர்ட்டுக்குப் போற நேரத்துல..."

"அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு தையல்நாயகி ஓடி வந்தாள். அவர் காலடியில் முழங்காலிட்டு, வேட்டியின் நனைந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பார்த்தாள். வெள்ளைவெளேர் என்ற துணி. மஞ்சளைக் காணவில்லை. திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"இன்னாடி? எப்டி கீது?" என்றாள் காமு.

"தண்ணி மாதிரி இருக்கு! சும்மா பச்சத் தண்ணி மாதிரி!" அவள் சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சொன்ன சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஞானாம்பாள் படியிறங்கி வந்து அவளும் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தாள். காமுவும் பார்த்தாள். மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். மேனேஜர் தன் வேலை முடிந்தது என்று வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜெயவேலு இரண்டு கையையும் கூப்பியபடியே நின்றிருந்தார். வேட்டி அவர் கையில் இல்லை.

"நான் போலாமா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க அண்ணா" என்றாள் தையல்நாயகி, துணியை விடாமல். "காயட்டும். காஞ்சதுக்கப்புறம் ஒரு தடவ பாத்துடணும்."